மொனிட்டர் மேல் போட்ட பழி

என் இடது கண் போனது கொம்பியூட்டரால் என்றுதான் ஊரில் எல்லோருக்கும் தெரியும். "பாவம், பகல் முழுக்க அந்தப் பெட்டியப் பாத்துப் பாத்தே கண்ணக் குடுத்திட்டாள்" என்று மீன் வாங்க நிற்கிற இடத்தில்கூடச் சொல்கிறார்கள். சொல்லட்டும். அந்தக் கதையைக் கட்டியதில் எனக்கும் பங்கு உண்டு, மற்றவர்களைத் திட்ட எனக்கு வாயில்லை. ஆனாலும் மிச்சமிருக்கிற வலது கண்ணை வைத்துக்கொண்டு எழுதுகிறபோதாவது உள்ளதை உள்ளபடி எழுதிவிட வேண்டும். அம்மாவிடம் கேட்கவில்லை. கேட்டால் விடமாட்டா.

மட்டக்களப்பு டவுனில் ஒரு அச்சகத்தில் பதினொரு வருசமாக டைப்செட்டிங் செய்கிறேன். கலியாண அட்டை, கோயில் நோட்டீஸ், செத்தவர்களுக்கான நினைவு மலர், எல்லாம் என் கையால்தான் போகும். புருஷன் கட்டாரில். வீடு ஆற்றுக்கு மேற்கே, படுவான்கரையில். வாவி என்று புத்தகத்தில் எழுதுவார்கள், எங்களுக்கு அது ஆறுதான். காலையில் பஸ்ஸில் பாலம் தாண்டி வந்து மொனிட்டருக்கு முன்னால் குந்தினால் பின்னேரம் வரைக்கும் வேறு எதையும் பார்க்கிறதில்லை.

கண் எரிச்சல் தொடங்கியது ஒரு திருவிழாக் காலத்தில். ஆடி பிறந்தால் எங்கள் பக்கத்தில் சடங்கில்லாத கோயில் இல்லை. ஒவ்வொரு கோயிலுக்கும் ஒரு நோட்டீஸ், ஒவ்வொரு நோட்டீசுக்கும் ஏழு திருத்தம். உபயகாரரின் பேர் ஒன்று கீழே போய்விட்டால் ஊரே இரண்டாகும். நாலு மணியாகும்போது கண்ணுக்குள் மணல் விழுந்த மாதிரி இருக்கும். எழுத்து மங்கும், நெற்றி விண்விண் என்று குத்தும். வீட்டுக்குப் போய் விளக்கெண்ணெய் தடவிப் பார்த்தேன், வெள்ளரிக்காய் வெட்டி வைத்துப் பார்த்தேன். காலையில் மொனிட்டரைப் போட்டால் திரும்ப அதே கதை.

பிறகுதான் போனில் தேடிப் படித்து ஒவ்வொன்றாகச் செய்தேன். ஜன்னல் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. ஆற்றில் பட்ட வெயில் அப்படியே திரையில் விழுந்து கண்ணைக் குத்தும். மேசையைப் பக்கவாட்டில் திருப்பினேன். மொனிட்டருக்குக் கீழே அண்டை கொடுத்திருந்த பழைய டிரெக்டரிகளை எடுத்தேன், திரையின் மேல் ஓரம் என் கண்ணுக்குக் கொஞ்சம் கீழே வந்தது. கையை நீட்டினால் விரல் நுனி தொடுகிற தூரத்துக்கு அதைத் தள்ளி வைத்தேன். வெளிச்சத்தைக் குறைத்துக் குறைத்து, பக்கத்தில் ஒரு வெள்ளைக் கடதாசியைப் பிடித்து, இரண்டும் ஒரே மாதிரித் தெரிகிற இடத்தில் நிறுத்தினேன். எழுத்துப் பிழை பார்க்கும்போது எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டேன். திரையைப் பார்க்கிறபோது நாம் கண் சிமிட்ட மறந்துபோகிறோமாம், கண் காய்ந்துவிடுகிறதாம். 'சிமிட்டு' என்று ஒரு துண்டில் எழுதி மொனிட்டரில் ஒட்டினேன். முதலாளி அதைப் பார்த்துவிட்டு, "ஆரப் பாத்து புள்ள சிமிட்டப் போறாய், என்னையா?" என்றார். "உங்களப் பாத்தா கண்ண மூடத்தான் தோணுது" என்றேன். மனுசன் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

இருபது நிமிடத்துக்கு ஒரு தரம் தூரத்தில் எதையாவது பார்க்கவும் வேண்டும். எனக்கென்ன, ஜன்னலைத் திறந்தால் ஆறு. அக்கரையில் நிற்கிற தென்னைகளை, வலை போட்டபடி நிற்கிற தோணியை, ஒரு இருபது எண்ணும்வரை பார்ப்பேன். பிறகு திரும்பவும் வேலை.

சும்மா சொல்லக்கூடாது, இரண்டு கிழமையில் எரிச்சல் நின்றுவிட்டது. நெற்றிக் குத்தும் இல்லை. ஆகா, கண்டுபிடித்துவிட்டேன் என்று கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் வகுப்பு எடுத்தேன். என்னைக் கெடுத்தது அந்தச் சுகம்தான். நோய் என்னவென்று தெரிந்துவிட்டது, மருந்தும் கேட்டுவிட்டது, இனி என்ன பயம் என்று இருந்துவிட்டேன். அதற்குப் பிறகு கண்ணில் என்ன நடந்தாலும் அந்த ஒரே கணக்கில்தான் எழுதினேன்.

நடக்கத்தான் செய்தது. பாலத்தில் இடப்பக்கமாக வந்த சைக்கிள்காரன் என்னை உரசிக்கொண்டு போய், "கண்ணென்ன பிடரியிலயா கிடக்கு?" என்று ஏசினான். அவன் வந்ததை நான் காணவே இல்லை. கடையில் தண்ணீர்க் கிளாசை இரண்டு தரம் தட்டி விழுத்தினேன். ஒரு நினைவு மலரில் மருமக்களின் பேர் வரிசையில் இடது ஓரத்தில் முதலாவதாக இருந்த பேர் விடுபட்டுப் போனது. விடுபட்ட அந்த மருமகள் கறுப்புச் சீலையோடு கடைக்கே வந்து, "நான் அந்த வீட்டு மருமகள் இல்லையா? ஆர் சொல்லி எடுத்தாய்?" என்று அழுதுகொண்டே சண்டை பிடித்தா. நூறு மலரைத் திரும்ப அடித்தோம். திரையில் கூட நேரம் இருக்கிறேன், அதுதான் என்று வெளிச்சத்தை இன்னும் கொஞ்சம் குறைத்தேன். மடைச்சி.

வீட்டில் இதை முதலில் கண்டுபிடித்தது அப்பா. கண் தெரியாத மனுசன். எனக்கு இருபது வயதாக இருக்கும்போதே அவருக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. ஒரு பின்னேரம் அவர் விறாந்தையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். நான் வேலையால் வந்து உள்ளே போகும்போது நிலையில் தோளை இடித்துக்கொண்டேன்.

"எந்தப் பக்கம் புள்ள?" என்று கேட்டார்.

"என்னது?"

"இடிச்சது எந்தப் பக்கம்?"

"இடது. ஏன், மற்றப் பக்கத்தையும் இடிக்கோணுமா?"

அவர் மென்றுகொண்டிருந்த வெற்றிலையைத் துப்பினார். அடுத்த நாள் காலையில் பார்த்தால் வாசலுக்கு இடப்பக்கம் இருந்த தண்ணீர்க் குடம் வலப்பக்கம் போயிருந்தது. பிறகு முக்காலி போனது, பிறகு அரிசி வாளி. தட்டித் தடவி அவர்தான் எடுத்து வைக்கிறார் என்று அம்மா சொன்னா. "வயசு போக இந்த ஆளுக்கு விசர்" என்றா. எனக்கும் சிரிப்புத்தான் வந்தது.

அப்பாவின் கண் போன கதையை இங்கே சொல்ல வேண்டும். ஊருக்குச் சொன்ன கதை இது: வயல் வட்டையில் வேளாண்மைக் காவலுக்குப் போன இடத்தில் ஆனை வந்தது, அப்பா ஆனை வெடி கொளுத்தினார், அது கையிலேயே வெடித்துக் கண்ணை எடுத்துவிட்டது. எங்கள் பக்கத்தில் இதை ஒருவரும் இரண்டாம் தரம் கேட்கமாட்டார்கள். ஆனையால் செத்தவனும் உண்டு, வெடியால் விரல் போனவனும் உண்டு. அம்மா அந்தக் கதைக்கு வருசா வருசம் கால், கை, வால் எல்லாம் வைத்தா. ஆனைக்கு ஒரு கொம்புகூட வைத்தா.

உண்மை வேறு. அப்பாவுக்குக் கண் அழுத்தம், டாக்டர்மார் குளுக்கோமா என்று சொல்வது. வலி இல்லை, சிவப்பு இல்லை, ஓரத்தில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வையைத் தின்றுகொண்டு வரும். அவர் போய்க் காட்டும்போது முக்கால்வாசி முடிந்துவிட்டது. அவருடைய தாய்க்கும் அப்படித்தான், அக்காவுக்கும் அப்படித்தான். பரம்பரை என்ற சொல்லை மட்டும் அம்மா எங்கள் வீட்டுக்குள் விடவில்லை. இரண்டு பெண்பிள்ளைகள் வளர்கிற வீடு.

வெளியூர்க்காரருக்கு இது விளங்காது. எங்களில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை வந்து பெண் வீட்டில் இருப்பார். பெற்று வளர்த்த மகனை இன்னொரு வீட்டுக்குக் கொடுக்கிற தாய், அந்த வீட்டின் கிணற்றுத் தண்ணீர் வரைக்கும் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பா. என் தங்கச்சிக்குச் சம்பந்தம் பேசி மாப்பிள்ளையின் தாய் வந்தபோதும் அப்படித்தான். வீட்டைப் பார்த்தா, வளவைப் பார்த்தா, அப்பாவைப் பார்த்தா. "கண்ணுக்கு என்ன நடந்த?" என்று கேட்டா. அம்மா ஆனையைக் கொம்போடு கொண்டுவந்து நிறுத்தினா. அப்பா தலையைக் குனிந்தபடி "ஓம், ஓம்" என்றார். நான் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு நின்றேன். நல்ல இடம், பொடியன் ஆசிரியர், தங்கச்சிக்கும் பிடித்திருந்தது. கலியாணம் தை மாதம் என்று முடிவானது.

அந்தக் கலியாணத்துக்கு ரெண்டு மாதம் இருக்கும்போது பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு இலவசக் கண் முகாம் நடந்தது. கொம்பியூட்டருக்கு ஒரு நல்ல கண்ணாடி எடுக்கலாம் என்று போனேன். வரிசையில் என் நம்பர் வந்து கதிரையில் இருந்தால், பக்கத்துக் கதிரையில் மாப்பிள்ளையின் தாய். அவவும் வாசிக்கிற கண்ணாடிக்கு வந்திருக்கிறா. "வா மகள், இரு" என்றா வாய் நிறைய.

நேர்ஸ் மிஸி ஒரு படிவத்தோடு வந்து கேட்டா. என்ன வேலை? கொம்பியூட்டர். எத்தனை மணித்தியாலம்? எட்டு, ஒன்பது. கண் எரிச்சல்? இருந்தது, இப்போது குறைவு. பிறகு, "வீட்டில ஆருக்கும் கண் பார்வை போயிருக்கா? அப்பா, அம்மா, அப்பப்பா, அப்பம்மா? கண் அழுத்தம் எண்டு ஆருக்கும் சொன்னவங்களா? இருந்தாச் சொல்லுங்க, உள்ளுக்கு மற்ற ரூமில அழுத்தம் பாக்கிறாங்க, ரெண்டு நிமிசம்தான்" என்றா.

பக்கத்தில் அவ இருக்கிறா. ஓம் என்று சொன்னால், தங்கச்சியின் கலியாணம் அந்தக் கதிரையிலேயே முடிந்துவிடும். மிஸி பேனாவைப் பிடித்தபடி நிற்கிறா.

"இல்ல மிஸி. அப்பாக்கு மட்டும் ஆனை வெடி பட்டுக் கண் போனது" என்றேன். தேவைக்கு மேலே சத்தமாகவே சொன்னேன், பக்கத்துக் கதிரைக்கும் கேட்க வேண்டுமே.

மாப்பிள்ளையின் தாய் மறுபக்கம் திரும்பி, சுவரில் ஒட்டியிருந்த ஏதோ படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா. மிஸி இல்லை என்று எழுதிவிட்டு, கொம்பியூட்டர் வேலைதான் காரணமாக இருக்கும், அடிக்கடி ஓய்வு கொடுங்கள் என்றா. கண்ணாடி தந்தார்கள். நான் கெட்டித்தனமாக ஒரு காரியத்தைச் செய்துவிட்டேன் என்று சந்தோசமாக வீட்டுக்கு வந்தேன். அம்மாவிடம் சொன்னபோது என் தலையைத் தடவி, "எண்ட ராசாத்தி" என்றா.

தை மாதம் கலியாணம் நடந்தது. அட்டையை நானே செய்தேன், தங்கச்சி அச்சடித்த வாழ்த்து மாதிரி அழகாக இருந்தாள்.

மாசி மாதத்தில் ஒரு நாள் கடையில் வலது கண்ணுக்குள் தூசு விழுந்தது. அதைப் பொத்திக் கசக்கிக்கொண்டே திரையைப் பார்த்தேன். திரையில் பாதி இல்லை.

மொனிட்டர் பழுது என்று நினைத்தேன், வேறு என்ன நினைக்கிறது? வயரை ஆட்டினேன். பிறகு கையை எடுத்தேன், திரை முழுதாக இருந்தது. திரும்பப் பொத்தினேன். பாதிக்கு மேலே காணவில்லை. கறுப்பாகக்கூட இல்லை, அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. இடது கண்ணால் ஜன்னலைப் பார்த்தேன். ஆறு இல்லை, அக்கரை இல்லை, நடுவில் ஒரு கொஞ்சத் தண்ணீர் மட்டும் தெரிந்தது. முதலாளி "என்ன புள்ள?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனாலும் "ஒண்டுமில்ல, தூசு" என்றேன். அந்த வாய்க்குப் பொய் அவ்வளவு பழகிப்போயிருந்தது.

அடுத்த நாள் ஒருவருக்கும் சொல்லாமல் ஆசுபத்திரிக்குப் போனேன். இந்த முறை கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா, அப்பாவின் தாய், அப்பாவின் அக்கா. ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரிகிற நேரமெல்லாம் பொத்தானை அமத்தச் சொன்னார்கள். இடது கண்ணுக்கு வைத்தபோது நான் அமத்தினதை விடச் சும்மா இருந்ததுதான் கூட.

டாக்டர் ஒரு அமைதியான பொம்பிளை. மொனிட்டரால் கண் களைக்கும், காயும், வலிக்கும், ஆனால் பார்வை போகாது என்று சொன்னா. நீங்கள் செய்ததெல்லாம் சரி, ஆனால் அது வேறு, இது வேறு என்றா. இடது கண்ணில் போனது போனதுதான். வலது கண்ணில் தொடங்கியிருக்கிறது, துளி மருந்தைத் தவறாமல் விட்டால் நிறுத்தி வைக்கலாம். "ஒரு மூண்டு நாலு மாதத்துக்கு முதல் வந்திருந்தா இதில பாதியையாவது பிடிச்சிருக்கலாமே" என்றா. நான் விரலை மடித்து எண்ணிப் பார்த்தேன். முகாம் நடந்தது கார்த்திகையில்.

பிறகு கேட்டா, "சகோதரம் இருக்கா? கட்டாயம் பாக்க வேணும்."

வீட்டுக்கு வந்து நான் பேசிய பேச்சு இருக்கிறதே, அதை எழுத முடியாது. அம்மாவை ஏசினேன், ஆனையை ஏசினேன், கட்டாரில் இருக்கிற மனுசனைக்கூட விடவில்லை. அம்மா அழுதுகொண்டே, "சத்தம் போடாத, பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்" என்றா. பக்கத்து வீடு என்றால் தங்கச்சியின் வீடுதான், வேலிக்கு அந்தப் பக்கம்.

அப்பா விறாந்தையில் இருந்தார். "எனக்கும் இடதுதான் முதல் போன" என்றார். "நீ நிலையில இடிச்ச அண்டைக்கே எனக்குத் தெரியும். சின்னவளுக்குக் கலியாணம் முடியட்டும், மறுகா சொல்லுவம் எண்டு இருந்தன். ரெண்டு மாசம்தானே எண்டு நினைச்சன் புள்ள." அவருடைய கண்ணில் இருந்து தண்ணீர் வந்தது. பார்க்க முடியாத கண்ணும் அழத்தான் செய்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரை உலுக்க வேண்டும் போல இருந்தது. உலுக்கவில்லை. குடத்தை எடுத்து ஒதுக்கி வைத்த கை அது.

தங்கச்சியிடம் சொல்லக்கூடாது என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றா. அவள் பிள்ளைத்தாச்சி ஆகியிருந்தாள். "ஆசுபத்திரியில போய் நிண்டா அவங்கட ஆக்கள் காணுவாங்க, மாப்பிள்ள விட்டிட்டுப் போனா ஆர் பொறுப்பு?" என்றா. நானும் கோழை மாதிரி ஐந்து மாதம் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன். ஊருக்கு என் கண் கொம்பியூட்டரால் போனது என்று கதை போனது அப்போதுதான். துளி விடும்போதெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம்தான் நினைவு போகும். அங்கே அவளுடைய கண்ணில் இப்போது எவ்வளவு மிச்சம்?

அவளுக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது மாப்பிள்ளையின் தாய் பலகாரத்தோடு வந்திருந்தா. நானும் போய் இருந்தேன். தங்கச்சி முறுக்குத் தட்டை மேசையில் வைக்கப் போனாள். இடது ஓரத்தில் வைத்தாள். தட்டு பாதி வெளியே நின்று, அப்படியே கீழே போனது. "எந்த நேரமும் போன் பாக்கிறன், அதான் கண் சரியில்ல" என்று சிரித்தாள்.

எனக்குள் ஏதோ அறுந்தது. "மாமி, எங்கட அப்பாட கண் ஆனை வெடியால போகல்ல" என்றேன். அம்மா "மகள்!" என்று கத்தினா. நான் நிறுத்தவில்லை. கண் அழுத்தம், பரம்பரை, அப்பம்மா, அப்பாவின் அக்கா, நான், எல்லாம் சொன்னேன். "இவளக் காட்டோணும். நீங்க மகனக் கூட்டிக்கொண்டு போறதெண்டாலும் போங்க, இவளுக்குக் கண் இருக்கோணும்" என்றேன். தங்கச்சி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே கிடந்த முறுக்கை ஒருவரும் பொறுக்கவில்லை.

மாப்பிள்ளையின் தாய் குனிந்து தட்டை எடுத்து மேசையில் வைத்தா. பிறகு, "நாளைக்கு வெள்ளனப் போவம்" என்றா.

அடுத்த நாள் காலையில் நான், தங்கச்சி, மாப்பிள்ளையின் தாய், மூன்று பேரும் போனோம். தங்கச்சிக்கு அழுத்தம் கூடத்தான். இடது ஓரத்தில் ஒரு சின்னத் துண்டு போயிருக்கிறது, மிச்சத்தை வைத்துக்கொள்ளலாம், நேரத்தோடு வந்தீர்கள் என்று டாக்டர் சொன்னா. நான் வெளியே வந்து வாங்குப் பலகையில் இருந்தேன். மாப்பிள்ளையின் தாயும் வந்து பக்கத்தில் இருந்தா. நான் அவவின் கையைப் பிடித்து, "மன்னிச்சிக்கங்க மாமி, உங்களப் பேய்க்காட்டிட்டம்" என்றேன்.

"ஆரு பேய்க்காட்டின?" என்றா. "எண்ட அண்ணன் உங்கட அப்பாட வட்டையிலதானே வேளாம செய்தவர். அங்க வெடிச்சிருந்தா எங்களுக்குத் தெரியாமலா? அது பரம்பரையால போன கண் எண்டு பெண் கேட்டு வர முதலே எங்களுக்குத் தெரியும். மகனுக்கும் தெரியும். புள்ள நல்ல புள்ள, இந்தக் காலத்தில கண்ணுக்கு மருந்திருக்கு எண்டுதான் செய்தம்."

"அப்ப அண்டைக்கு முகாமில, நான் மிஸிட்டச் சொல்லக்குள்ள?"

"கேட்டுக்கொண்டுதான் இருந்தன்" என்றா. "உன்ன வெக்கப்படுத்தக் கூடாதெண்டு மற்றப் பக்கம் திரும்பிட்டன் மகள்."